காமன் கம்பமும் கரகமும்: ஊவாத் தோட்டங்களின் வழிபாட்டுக் கைவினைகள்

‘அஞ்ஞானிகள்’ என்னும் சொல்லை மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நம்மிற் பலர் இளமையிலேயே கேட்டிருப்போம். ஆங்கிலத்தில் அதற்கு ஒப்பாக வழங்கும் சொல் ‘பேகன்’ என்பது. தமிழ் படித்தவனுக்கு அச்சொல்லைக் கேட்டதும் மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளலே நினைவுக்கு வருவான். பாவம், அவனுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ‘பாகானுஸ்’ என்ற இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது அது. நாட்டுப்புறத்தான் என்பதே அதன் பழம் பொருள். கிறிஸ்து மதம் பரவிய பின்னரே பழைய தெய்வங்களை விடாது வழிபட்டோரைக் குறிக்கலாயிற்று. பழம் பொருளிற் கொள்வதாயின் ஊவா மலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பூட்டன்மார் அனைவரும் பேகன்களே. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

அவர்கள் தம் தெய்வத்துக்காகவும், நோய் நீங்கவும், கண்ணேறு கழியவும் தம் கையாலேயே பல பொருள்களைச் செய்தனர். அப்பொருள்களின் வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தேயிலைக்கும் கோப்பிக்கும் வரலாறு எழுதியோர் பலர். கரகத்துக்கு நூல் சுற்றிய கைக்கு அவ்வளவு பேர் இல்லை.

தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் திருவிழா வந்தால் கலயம் செய்யக் குயவர் உண்டு. தேர் செய்யத் தச்சர் உண்டு. வேலும் மணியும் வார்க்கக் கம்மாளர் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குலம், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மரியாதை என்று அங்கே வகுக்கப்பட்டிருந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களை நாடித் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணியின் பின்னே வந்தவர்களோ மண்வெட்டி பிடிக்க வந்தவர்கள். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டில்தான். அதற்கு வெகுகாலம் முன்னரே வந்தவர்கள் வடக்கே கரையிறங்கி, காட்டையும் காய்ச்சலையும் கடந்து மாத்தளை வரை நடந்து, அதன் பின்னரும் மலையேறி நடந்தே பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பக்கங்களை அடைந்தனர். தோளிற் சுமந்தது ஒரு மூட்டை. பலருடைய மூட்டையில் ஊர்க் கோவிலின் பிடிமண்ணும் இருந்தது என்பது தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டு வரும் செய்தி.

ஆகவே தெய்வம் வந்து சேர்ந்தது. தெய்வத்துக்கு வேண்டிய பொருள் செய்வோர் வந்து சேரவில்லை. இந்தக் குறையே ஒரு புதுமைக்குக் காரணமாயிற்று. கொழுந்து பறித்த கையும் கவ்வாத்து வெட்டிய கையுமே குயவன் கையாகவும் தச்சன் கையாகவும் மாற வேண்டியதாயிற்று.

முதலில் செய்யப்பட்டவை மிக எளியன. மரத்தடியில் மூன்று கற்கள். அவற்றைக் கழுவிச் சுண்ணாம்பு பூசி, குங்குமப் பொட்டிட்டு, ஒரு சூலத்தை ஊன்றினால் அது மாடசாமி, அல்லது முனி, அல்லது காளி. சிற்ப சாத்திரம் அறிந்தவர் இதைக் கண்டு நகைக்கலாம். ஆனால் தோட்டத்துத் தெய்வங்கள் சில வேறெங்கும் காணக் கிடையாதவை என்பதை நாம் மறக்கலாகாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்முன் கத்திகளை வைத்து வணங்கப்பட்டவர் கவ்வாத்துச்சாமி. கொழுந்துக்கு ஒரு கொழுந்துச்சாமி. தொழிற்சாலையிற் சுழலும் சக்கரத்துக்கு ‘ரோதை’ என்று பெயர். அந்த ரோதையில் உறைபவர் ரோதைமுனி. ஆகமத்திலும் இல்லாத, ஊரிலும் இல்லாத இத்தெய்வங்களை ஆக்கியவர்கள் நம் மக்களே. இயந்திரம் கையைப் பறிக்கும் என்ற அச்சத்திலிருந்தே ரோதைமுனி பிறந்தார் என்று கொள்வது தவறாகாது. துரைக்கு அது கொழுந்தை அரைக்கும் இயந்திரம். அதன் அருகில் இரவெல்லாம் நின்றவனுக்கு அது பலி கேட்கக்கூடிய ஒன்று.

அடுத்துக் கரகம். மாரியம்மன் திருவிழாவில் முதல் வேலை கரகம் பாலித்தல். ஆற்றங்கரையிலோ பீலிக்கரையிலோ செம்பை அல்லது மண்கலயத்தைக் கழுவி நீர் நிரப்பி, வாயில் வேப்பிலைக் கொத்துகளைச் சொருகி, மேலே தேங்காயை நிறுத்தி, நூலைச் சுற்றிக் கட்டி, மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூவால் உயர்த்துவர். சொல்வதற்கு எளிது. தலையில் வைத்துத் தப்பின் அடிக்கு ஆடும்போது சரியாதிருக்க வேண்டுமே! அதற்கு வேண்டிய கட்டும் முடிச்சும் கண்ணாற் பார்த்துப் பழகினாலன்றி வாரா. வேம்போ வெயில் நாட்டு மரம். தேயிலை தழைக்கும் குளிர் மலை அதற்கு உகந்த இடமன்று. ஆகவே உயரத்துத் தோட்டங்களுக்கு வேப்பிலை கீழ்நாட்டிலிருந்து வர வேண்டும். திருவிழாவுக்கு வேப்பிலை கொண்டு வரக் கீழே இறங்கிச் சென்றவனும் அக்கரகத்தைச் செய்தவர்களுள் ஒருவனே என்பது நம் கருத்து.

பெண்களின் கைவேலை முளைப்பாரியும் மாவிளக்கும். தானியங்களைச் சிறு சட்டியில் எருவிட்டு விதைத்து, வெளிச்சம் படாது மூடி நீர் தெளித்து வளர்ப்பர். வெயில் காணாத முளை வெளிர்மஞ்சளாக நீண்டு நிற்கும். பகல் முழுவதும் வெயிலிலும் மழையிலும் பச்சைக் கொழுந்து பறித்தவள் இரவில் லயத்து அறையின் இருட்டு மூலையில் இதை வளர்த்தாள். பறித்த கொழுந்து துரையுடையது. முளைப்பாரி மட்டுமே அவளுடையது. அதையும் கடைசி நாளில் நீரிற் கரைத்து விடுவாள்.

ஆயினும் தோட்டத்துக் கைவினையின் சிகரம் காமன் கூத்தே எனலாம். மாசி மாதத்து வளர்பிறையில் காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றுவர். ஆமணக்கு, கரும்பு, வைக்கோற் புரி, வறட்டி ஆகியவற்றாற் கட்டப்படும் அக்கம்பமே மன்மதன். கரும்பு அவன் வில்லாதலின் அது இன்றியமையாதது. வயலில்லாத தேயிலை மலையில் வைக்கோல் ஏது? பள்ளத்தாக்கில் நெல் விளைவிக்கும் சிங்களக் கிராமத்தையே நாட வேண்டும். இவ்வாறு காமன் உடலிற் பாதி கீழ்க்கிராமத்திலிருந்தே வந்தது. பௌர்ணமி இரவில் மதன், ரதி, தூதன், வீரபத்திரன், எமன் என வேடங்கள் வந்து ஆடி, சிவனது நெற்றிக்கண் நெருப்புக் கம்பத்தைத் தொட, அது எரிந்து சாம்பராகும். கிரீடம், புயகீர்த்தி, மார்புப் பதக்கம் என்பன இலேசான மரத்திலும் அட்டையிலும் வெட்டி, வண்ணத்தாளும் காக்காய்ப்பொன்னும் கண்ணாடித் துண்டும் ஒட்டிச் செய்தவை. முகத்துக்கு அரிதாரம்; மீசைக்குக் கரி. எமன் வேடக்காரன் எதிரே வந்தால் பெரியவர்களும் ஓரடி பின்வாங்குவர். அந்த அச்சத்தை உண்டாக்கியது ஓர் அட்டையும் ஒரு பிடி கரியுமே.

இவையனைத்துக்கும் உயிர் தருவது தப்பு. வட்டமான மரச்சட்டத்தின்மேல் தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி உலர்த்திச் செய்வது அது. அடிப்பதற்கு முன் தீயிற் காய்ச்சினாலன்றி ஓசை எழாது. தோட்டத்தில் விடியுமுன் ஆளைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பே. இரவில் அம்மனை அழைத்ததும் தப்பே. கடைசியில் பிணத்தின் முன்னே சென்றதும் தப்பே. துரையும் தெய்வமும் சாவும் ஒரே தோலிலிருந்து பேசினர். அத்தப்பைச் செய்தவரையும் அடித்தவரையும் தாழ்ந்தவரென்று ஒதுக்கி, கோவில் வாயிலுக்கு வெளியே நிறுத்தியதும் நம்மவரே. இழிவென்று கருதி அதைக் கைவிட்ட இளைஞர்களை இன்று குறைகூற நமக்கு உரிமையில்லை. ஒரு கலை அழிகின்றதே என்று வருந்துவோர், அக்கலைஞனுக்கு நாம் கொடுத்த இடம் யாது என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, மலைக்குக் கீழே வாழும் சிங்கள அயலாரைப் பார்ப்போம். கிரக தோஷம் நீங்கச் செய்யப்படும் பலிச் சடங்கில், பிளந்த மூங்கிற் சட்டத்தின்மீது ஈரக் களிமண்ணை அப்பிக் கிரக தேவதைகளை ஆளுயரத்திலும் அமைத்து வண்ணம் தீட்டுவர். வாழைத்தண்டாற் பந்தலும், குருத்தோலையாற் பின்னிய தோரணமும் பூவும் விளக்குக் கூடுமாகச் சடங்குக்களம் ஓரிரவுக்கு ஒரு மாளிகை ஆகும். விடிந்ததும் எல்லாம் சிதைக்கப்படும். பேய் ஓட்டும் தொவிலும் அவ்வாறே. பதினெட்டுச் சன்னி நோய்களுக்கும் பதினெட்டு முகமூடி செய்யும் தென்கரையின் கலையோ உலகறிந்தது. சூனியத்துக்குச் சிங்களத்தில் ‘ஹூனியம்’ என்று பெயர். சொல்லே ஒன்றாயிருக்கப் பொருள்கள் மட்டும் வேறாகுமா? எலுமிச்சங்காய் அரிவதும், நீற்றுப்பூசணியை வெட்டுவதும், தகட்டில் எழுதிக் குழாயில் அடைத்துக் கட்டுவதும் இரு சாராருக்கும் பொது.

தகடு பற்றி ஒரு சொல். செப்பு அல்லது ஈயத் தகட்டில் எழுத்தாணியாற் கட்டம் கீறி, எழுத்தும் எண்ணும் பொறிப்பர். சூரியனுக்குரிய எந்திரத்தில் மேல் வரிசை 6, 1, 8. நடுவரிசை 7, 5, 3. கீழ் வரிசை 2, 9, 4. நெட்டாகக் கூட்டினாலும் கிடையாகக் கூட்டினாலும் மூலைக்கு மூலை கூட்டினாலும் 15. ஒவ்வோர் எண்ணோடும் ஒன்று கூட்டினால் 18 வரும், அது சந்திரனுக்கு. இவ்வாறே மூன்று மூன்றாக ஏறிக் கேதுவுக்கு 39 ஆகும். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாதவரும் இக்கணக்கை வியக்கலாம். பள்ளிக்கூடம் காணாத ஒரு பூசாரி இதை நினைவிலேயே வைத்திருந்தான்.

ஆனால் எல்லாவற்றையும் போற்றிவிட நாம் முன்வரவில்லை. மாவாற் பாவை செய்து அயலான் பெயரைச் சொல்லி முள் குத்துவதும், வாசற்படியின் கீழே தகடு புதைப்பதும் கைத்திறனேயாயினும் அவை வளர்த்தது பகை. ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பம் வாழும் லயத்தில், ‘அவன் வைத்துவிட்டான்’ என்ற ஒரு சொல் போதும், தலைமுறைப் பகைக்கு. காய்ச்சலுற்ற குழந்தைக்குத் தாயத்துக் கட்டிவிட்டு மருந்தைத் தவிர்த்ததால் நேர்ந்த கேட்டையும் மறைப்பதற்கில்லை. தாயத்துக் கட்டிய தாயை நாம் பழிக்கவில்லை; அவளுக்கு எட்டும் தூரத்தில் வைத்தியர் இல்லாதிருந்ததும் வரலாறே. கழிப்புக் கழித்து முச்சந்தியில் வைத்த பூசணி யாருக்கும் தீங்கு செய்யவில்லை. புதைத்த தகடு செய்தது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தவர்களே தவறிழைத்தனர்.

அவ்வாறு அழைத்தவர் இரு திறத்தார். ஒரு திறத்தார் பாதிரிமார். 1849ஆம் ஆண்டில் கால்டுவெல் திருநெல்வேலி மக்களைப் பற்றி எழுதிய நூலில் அவர்களது வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே குறித்தார். 1854இல் கோப்பித் தோட்டத் தொழிலாளரிடையே ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டபோது அதே கண்ணோட்டம் இம்மலைகளுக்கும் வந்தது. மற்றைத் திறத்தார் நம்மவர். ஆறுமுக நாவலர் பலியிடுதலையும் சிறுதெய்வ வணக்கத்தையும் கடுமையாகக் கண்டித்தார். அவரும் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் பயின்றவரே! பாதிரியாரிடம் கற்ற கண்டன முறையைக் கொண்டே பாதிரியாரை வென்ற அப்பெருமகனாரின் சைவத் தொண்டை நாம் தலைவணங்கிப் போற்றுகின்றோம். எனினும், மூன்று கல்லுக்குச் சுண்ணாம்பு பூசியவனுக்கு இருபக்கமிருந்தும் வந்தது ஒரே வசை என்பதையும் சொல்லாதிருக்க முடியவில்லை.

விந்தை யாதெனில், பேய்க்கலை என்று இகழ்ந்தோரே அதைப் பதிவும் செய்தனர். யக்கு நடனப் பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் படங்களுடன் 1829இல் இலண்டனில் வெளியிட்ட ஜோன் கல்லவே என்பவர் வெஸ்லியன் பாதிரியார். 1865இல் தந்திரிஸ் த சில்வா குணரத்ன இலங்கையின் பேய்க்கலையும் சூனியமும் பற்றி ஆசிய சங்கத்து ஏட்டில் விரிவாக எழுதினார். ஆனந்த குமாரசுவாமியின் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908இலும், சுவிஸ் நாட்டவரான போல் விர்ஸின் நூல் 1941இலும், சரச்சந்திரவின் நாட்டுக்கூத்து ஆராய்ச்சி அதன் பின்னரும் வந்தன. சன்னி முகமூடி இலண்டன் நூதனசாலையில் நிற்கின்றது. தோட்டத்துத் தமிழரின் பக்கம் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தார். அந்நன்றி என்றும் மறக்கற்பாலதன்று. ஆயினும் பாட்டு ஏட்டில் ஏறுவதுபோல் முடிச்சு ஏட்டில் ஏறுவதில்லை. முகமூடி மரத்தாலானது, கப்பலேறி நூதனசாலைக்குச் சென்றது. கரகத்தையும் காமனையும் யார் கொண்டுபோக முடியும்? ஒன்று கரைந்தது, ஒன்று எரிந்தது. ஆண்டுக்கொரு முறை அழிந்து ஆண்டுக்கொரு முறை பிறக்கும் பொருள் செய்தவன் கையிலன்றி வேறெங்கும் தங்குவதில்லை.

கைவினையையும் மந்திரத்தையும் பெருமையோடு இணைத்துப் பேசிய ஒருவரின் கதை நமக்கு மிக அருகிலேயே தொடங்குகின்றது. 1884இல் இங்கிலாந்தில், மரவணிகம் செய்த செல்வர் குடும்பத்திற் பிறந்த ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் பதினாறு வயதளவில் இலங்கைக்கு வந்து, மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகினார். ஊவாவிலிருந்து பார்த்தால் மலைத்தொடரின் மறுபக்கம். பின்னர் இறப்பர்த் தோட்டம், போர்ணியோ, மலாயா என்று சென்று, மலாயர் கையால் அடிக்கும் கிரிஸ் என்ற குறுவாளைப் பற்றி 1936இல் ஒரு நூல் எழுதினார். தாயகம் திரும்பிய பின், 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டதும், ‘இன்றைய சூனியக்கலை’ என்ற நூலை 1954இல் வெளியிட்டார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தம்மைப் பேகன் என்று தாமே அழைத்துக்கொள்ளும் இன்றைய கூட்டத்தார் பலர் அவர் வழியினர். கருப்புப் பிடிக் கத்தி, கோல், கிண்ணம், தட்டு முதலிய கருவிகளைக் கூடியமட்டும் தம் கையாலேயே செய்து கொள்வதை அவர்கள் சிறப்பாகக் கருதுகின்றனர். கவ்வாத்துக் கத்தியைக் கல்லின் முன்னே வைத்துக் கும்பிட்டவனை அஞ்ஞானி என்ற நாட்டிலேயே இது நிகழ்ந்தது. கார்ட்னர் தொகுத்த பொருள்களுக்கு மான் தீவில் ஒரு நூதனசாலை இருந்தது. 1964இல் அவர் இறந்தபின், 1973இல் அவை அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்கு விலையாகிப் போயின. தாமே செய்த கருவிகளையும் விற்கலாம் போலும். எரிந்துபோன காமனுக்கு அந்த அவதி இல்லை.

அவர் இறந்த அதே 1964ஆம் ஆண்டில்தான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் எண்ணிக்கை பேசப்பட்டது. தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றுபோகும்வரை குடும்பங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. எண்ணிக்கை பேசியோர், இவர்களுள் ரதி வேடம் கட்டுபவர் யார், கம்பம் கட்டுபவர் யார், தப்புக்குத் தோல் இழுப்பவர் யார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அலுவலும் அவர்களுடையதன்று. மதன் போய் ரதி நின்ற தோட்டத்தில் கூத்து எவ்வாறு நடக்கும்?

எஞ்சியிருந்த இடங்களில் வேறொரு மாற்றம் வந்தது. கற்களிருந்த இடத்திற் சீமெந்துக் கோவில் எழுந்தது. கோபுரமும் வண்ணச் சிலையும் வந்தன. மாலையும் கிரீடமும் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. எம்போன்ற இளைஞர் சங்கத்தார் இதில் முன்னின்றதை மறைப்பதற்கில்லை. கோவில் என்பது மரியாதை, மரியாதைக்கு ஏங்கிய மக்கள் அதைக் கட்டினர். அதனை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. கோவிலுக்குள்ளே பிராமணக் குருக்கள் வந்ததும், பழைய பூசாரியும் கரகம் கட்டுவோரும் தப்புக்காரரும் மெல்ல மெல்ல வெளிப்புறத்துக்கு நகர்ந்தனர் என்பதை மட்டும் குறிக்கின்றோம்.

எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. வரும் மாசிப் பிறைக்கு முன்னர், பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎலப் பகுதி அங்கத்தவர்கள் தத்தம் தோட்டத்தில் எஞ்சியுள்ள முதியவர் ஒருவரையேனும் கண்டு, ஒரு கொப்பியிற் பின்வருவனவற்றைக் கேட்டெழுத வேண்டும். கம்பத்துக்கு எச்செடி, எத்தனை முழம். வைக்கோற் புரி எப்பக்கம் முறுக்குவது. கரகத்துக்கு நூல் எத்தனை சுற்று, கடைசி முடிச்சு எங்கே விழும். தப்புக்கு எந்த மரம், தோல் எத்தனை நாள் உலர வேண்டும். ரோதைமுனிக்கு எந்நாளில் என்ன படைத்தனர். செய்து காட்டச் சொல்லிப் படமும் எடுக்கலாம். கைபேசி இல்லாதவர் இன்று யார்? கேட்கப்படுபவர் தப்புக்காரராயின் அவரை வாசலில் நிறுத்தாது உள்ளே அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும். எழுதிய கொப்பிகளைச் சங்க நூல்நிலையத்தில் சேர்ப்பிக்கலாம்.